கடலாமை முட்டைகள்: வேலூர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வேலூரில் பள்ளி ஆசிரியை, அறிவியல் எடுக்கிறேன். தை, மாசி வந்தால் மாணவர்களையும், பெற்றோரில் விருப்பமுள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு சென்னைக் கடற்கரைக்கு ஆமை பார்க்கப் போவது வழக்கம். வேனில் கேட்டது, பெற்றோர் கூட்டத்தில் கேட்டது, காய்கறிக் கடையில் நிறுத்திக் கேட்டது என்று கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

வேலூரில் கடலே இல்லையே மிஸ், கடலாமை நமக்கு எதற்கு?

கடல் இல்லை, பாலாறு இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று வந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் அது கடலில் சேர்கிறது. கடலாமை முட்டையிடுகிற கரை அது. வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடந்தாலும், வெள்ளம் வரும்போது நாம் ஆற்றில் போட்டதையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். என்னை இதில் இழுத்துவிட்டதே அந்த ஆறுதான்.

நம் கரைக்கு வருவது எந்த ஆமை?

தமிழகக் கடலில் ஐந்து வகை உண்டு. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலை ஆமை. சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமைதான். ஆலிவ் ரிட்லி என்று பத்திரிகைகளில் வருவதும் இதுவே. ஓட்டின் நீளம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேலே, எடை 35 முதல் 50 கிலோ. ஜனவரியிலேயே வரத் தொடங்கி மார்ச் கடைசி, சில வருஷம் ஏப்ரல் வரைக்கும் வரும். ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் லட்சக்கணக்கில் கூட்டமாக ஏறும். நம் பக்கம் ஒன்றிரண்டாக, தனித்தனியாகத்தான் வரும்.

முட்டையிடும்போது என்ன நடக்கும்?

ராத்திரிதான் ஏறும். ஈர மணலைத் தாண்டி, அலை எட்டாத மேட்டுக்குத் தன்னை இழுத்துக்கொண்டு வரும். தண்ணீரில் அத்தனை லாகவமாக நீந்துகிற உயிர் மணலில் நாலு எட்டு வைத்து நின்று மூச்சு வாங்கும்; அந்தச் சத்தம் பத்தடி தூரத்தில் இருக்கிற நமக்குக் கேட்கும். வரும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தென்பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இடம் பிடித்துவிட்டால் முன்துடுப்பால் மேல்மணலைத் தள்ளிவிட்டு, பின்துடுப்பால் குழி தோண்ட ஆரம்பிக்கும். என் மாணவர்கள் வாயடைத்துப் போவது இந்த இடத்தில்தான். குழி அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் பார்க்க முடியாது. ஆனாலும் ஒரு துடுப்பைக் கரண்டி மாதிரி மடக்கி ஒரு பிடி மணலை எடுத்து ஓரமாக வைக்கும். பிறகு அடுத்த துடுப்பு உள்ளே இறங்கும். ஒரு பிடி கூடச் சரியாது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை மாதிரி, கழுத்து குறுகி அடி அகன்ற குழி. அதில் இரண்டும் மூன்றுமாக முட்டைகள் விழும். ஒரு கூட்டுக்குச் சுமார் நூறு, சில சமயம் நூற்றிருபதுக்கும் மேலே.

முடிந்ததும் மணலை மூடி, உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தும். முறம் புடைக்கிற மாதிரி ஒரு தாளம் அதில் இருக்கிறது. பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள். 'ஆமை ஆயிரம் முட்டையிட்டு அமைதியாய்ப் போகும், கோழி ஒரு முட்டையிட்டு ஊரைக் கூட்டும்' என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல், மற்றபடி அப்படியே உண்மை.

முட்டையிடும்போது அழுமாமே?

கண்ணில் நீர் வடியும். உப்புத் தண்ணீர் குடித்து வாழ்கிற உடம்பு, மிஞ்சிய உப்பைக் கண்ணருகே இருக்கிற சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் வடிந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரிவதில்லை.

ஆணும் பெண்ணும் சேர்வது எங்கே? ஆண் ஆமை கரைக்கு வராதா?

சேர்வது கடலில், கரைக்குக் கொஞ்ச தூரத்தில். பெண் ஆமை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் சேரும். விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு அந்தப் பருவத்தில் இரண்டு, மூன்று முறை கூட முட்டையிடும். ஒரே கூட்டில் இருக்கிற குஞ்சுகளுக்குத் தகப்பன் வேறு வேறாக இருக்கலாம். ஆண் ஆமை பிறந்த அன்று கடலுக்குள் போனால், நம் கரையில் மறுபடி ஏறாது. வளர்ந்த ஆண் ஆமையை மணலில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அனேகமாகச் செத்து ஒதுங்கியதைத்தான் பார்த்திருப்பார்கள்.

பிறந்த கரைக்கே திரும்பி வருவது எப்படி?

பூமியின் காந்தப்புலம் ஒவ்வொரு கரையிலும் கொஞ்சம் வேறுபடும். குஞ்சு அந்த அடையாளத்தை மனதில் பதித்துக்கொண்டு போகிறது என்பதுதான் இப்போதைய அறிவியல் விளக்கம். பத்து, பதினைந்து வருஷம் கழித்துத்தான் முட்டையிடும் வயது வரும். அதற்குள் அந்தக் கரையில் கருங்கல் கொட்டியிருந்தாலும் அதற்குத் தெரியாது, அங்கேதான் வரும்.

கோழி தொட்டும், மீன் பார்த்தும், ஆமை நினைத்தும் குஞ்சு பொரிக்கும் என்கிறார்களே, நிஜமா?

என் மாமனார் குரு தீட்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த உவமையைத்தான் சொல்வார். அருமையான உவமை, கரையில் முட்டை, நடுக்கடலில் தாய், இருந்தாலும் குஞ்சு வருகிறதே என்று வியந்து பார்த்த கண் அதில் தெரிகிறது. அகநானூற்றுப் பாட்டு ஒன்றில், அடும்பங்கொடி படர்ந்த மணலில் ஆமை முட்டையைப் புதைப்பதும், குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் இருப்பதும் வருகிறது. முதல் பாதி இன்றைக்கும் நம் கரையில் நடப்பதுதான், அடும்பங்கொடி கூட அங்கே இருக்கிறது. காவல் மட்டும் கிடையாது. கடலாமையில் தாயும் காப்பதில்லை, தகப்பனும் காப்பதில்லை. அடைகாப்பது மணலின் சூடு. 45 முதல் 60 நாள்.

முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பது சூட்டைப் பொறுத்தது என்பது உண்மையா?

உண்மை. நமக்கு இருப்பது மாதிரி கரு உண்டாகும்போதே முடிவாவதில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே ஏறினால் பெண் அதிகம், இறங்கினால் ஆண் அதிகம். 34, 35 என்று தொடர்ந்து இருந்தால் கரு வெந்துபோகும்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும்போது நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து புலம்புகிறோம். மணலுக்குள் இருக்கிற முட்டைக்கு நகர வழியில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் சூடு சீராக இருக்கும் என்பது ஒன்றே அதற்குப் பாதுகாப்பு. உலகம் சூடாக ஆக, அந்த ஆழத்திலும் சூடு ஏறுகிறது. பெண் குஞ்சுகளாகவே வந்துகொண்டிருந்தால் இருபது, முப்பது வருஷம் கழித்துச் சேர்வதற்கு ஆண் எங்கே? அதனால்தான் முட்டைகளை எடுத்துவந்து புதைத்துப் பாதுகாக்கிற பொரிப்பகங்கள் சிலவற்றில் மேலே நிழல்வலை கட்டுகிறார்கள்.

இயற்கையாகப் போட்ட முட்டையை ஏன் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள்?

விட்டு வைத்தால் தெருநாய் தோண்டிவிடும். நரி, காக்கை, நண்டு எல்லாம் பழைய பகைகள். அவற்றோடு ஆமை கோடிக்கணக்கான வருஷம் வாழ்ந்திருக்கிறது. ஒரு கடற்கரையில் நாற்பது நாய் என்பது நாம் கொட்டிய குப்பையால் வந்தது. இது ஒரு காரணம். கரையோர விளக்குகள் இன்னொரு காரணம்.

சென்னையில் இந்த வேலை 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் நடந்த இரவு நடைகளில் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து செய்துவருகிறது. வனத்துறையும் கரை நெடுகப் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 2024-ல் தமிழகக் கரைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன.

முட்டையை நாமே எடுத்துப் பத்திரப்படுத்தினால் என்ன?

கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல மனதோடு எடுத்தாலும் செத்துப்போகும். ஒரு முறை நீலாங்கரை தாண்டி நடந்துகொண்டிருந்தபோது, அனுமதி பெற்ற தன்னார்வலத் தம்பி ஒருவர் அப்போதுதான் கண்டுபிடித்த கூட்டிலிருந்து ஒரு முட்டையை வெளியே எடுத்தார். டேபிள் டென்னிஸ் பந்து அளவு. ஓடு கெட்டியாக இல்லை, நனைந்த தோல் மாதிரி. விரல் பட்ட இடத்தில் ஒரு குழி விழுந்து அப்படியே நின்றது. மேலெல்லாம் வழவழப்பு. சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் வெளிச்சத்தில் அவர் அதை எந்தப் பக்கமும் உருட்டாமல், எடுத்த நிலையிலேயே பைக்குள் வைத்தார். நூற்றுப் பதினொன்று முட்டையும் அதே நிதானம்.

ஏன் என்று அவரே விளக்கினார். முட்டை விழுந்த சில மணி நேரத்தில் கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஓட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றிப் பரவும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் ஒட்டு விட்டுப்போய்க் கரு செத்துவிடும். அதனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, தாய் தோண்டிய அதே ஆழம், அதே குடுவை வடிவத்தில் பொரிப்பகத்தில் தோண்டிப் புதைக்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர் கூட்டைப் பார்த்து, ஆசையாக முட்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதில் ஒன்று கூடப் பொரியாது.

குஞ்சு வெளியே வருவது எப்படி?

மூக்கு நுனியில் இருக்கிற முட்டைப் பல்லால் ஓட்டைக் கிழித்து வரும். உடனே மேலே வராது. நூறும் சேர்ந்து மணலைத் தள்ளித் தள்ளி ஏற இரண்டு, மூன்று நாள் ஆகும். ஒன்று தனியாக ஏற முடியாது. கீழே இருப்பவை அசைய அசைய மேலே மணல் உதிர்ந்து அடியில் நிரம்பும், அதுவே படிக்கட்டு. ராத்திரி மணல் குளிர்ந்ததும் சட்டென்று பொங்கும். பால் பொங்குகிற மாதிரி என்று என் வகுப்புப் பையன் சொன்னான். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 15, 20 கிராம் எடைதான் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும்.

வெளிச்சம் இருக்கும் பக்கம் போவது அதன் பிறவிக் குணம். விளக்கே இல்லாத காலத்தில் வெளிச்சமாக இருந்தது நிலவும் நட்சத்திரமும் பட்ட கடல்பரப்பு. இப்போது தெருவிளக்கும் ஓட்டல் விளக்கும் அதைவிடப் பிரகாசம். குஞ்சு ரோட்டுக்குப் போய் டயரில் சாகிறது, அல்லது விடியும்வரை அலைந்து வெயிலில் காய்கிறது.

தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரிலேயே விட்டுவிடலாமே?

வேண்டாம். மணலில் நடந்து போகவேண்டும். கடலை எந்தத் திசையில் சந்திப்பது என்று அது கற்றுக்கொள்வது அந்த நடையில். நம் வேலை, வழியில் காக்கையும் நாயும் வராமல் பார்த்துக்கொள்வதும், செல்போன் வெளிச்சத்தை அணைத்து வைப்பதும்தான்.

ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பிழைக்கும் என்பது சரியா?

துல்லியமாக எண்ணியவர் யாருமில்லை. ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கைத்தான் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் 2 லட்சம் குஞ்சு விட்டால் வளர்ந்து வருவது 200. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

2025 ஜனவரியில் அத்தனை ஆமைகள் செத்தது ஏன்?

அந்த மாதம் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது.

நாங்கள் போனது ஜனவரி மூன்றாம் வாரம். அரை கிலோமீட்டர் நடப்பதற்குள் ஆறு. கண் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. வலைக்குள் மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளம் அது. ஒன்றின் ஓட்டுக்குப் பின்பக்கம் நாய் கடித்துக் கிழித்திருக்க, உள்ளே முட்டைகள் தெரிந்தன. மஞ்சளாகவும் வெள்ளையாகவும், இன்னும் போடாத முட்டைகள். அன்றைக்கு வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல். மேலே வந்து மூச்சு எடுத்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இழுபடும். உள்ளே சிக்கிய ஆமை பயந்து துடிக்கத் துடிக்க மூச்சு சீக்கிரம் தீரும். இழுவலைக்காரர்கள் ஆமையைக் கொல்ல நினைப்பதில்லை. ஆனால் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது; ஆமைகள் சேர்வதும் காத்திருப்பதும் அந்த எல்லைக்குள்தான். இறால் இருப்பதும் அங்கேதான். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது, ஆமைப் பருவம் அதற்குள் முடிந்துபோகும்.

இப்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் குஞ்சில் 200 தான் வளரும் என்றால், ஒரே மாதத்தில் ஆயிரம் தாய் தகப்பன் போனதை ஈடுகட்ட எத்தனை லட்சம் முட்டை வேண்டும்? குஞ்சு விடும் படம் எல்லோருக்கும் பிடிக்கிறது. வலையில் சாகிற ஆமையைப் பற்றிப் பேசினால் ஒதுங்கிப் போகிறார்கள். முட்டையை மட்டும் காப்பாற்றி இந்த உயிரைக் காப்பாற்ற முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்குத் தீர்வு கிடையாதா?

இருக்கிறது. இழுவலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் பக்கத்தில் ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கில் புகுந்து பின்னால் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆமை விலக்கிக் கருவி என்கிறார்கள். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்திருக்கிறது. மீனும் கொஞ்சம் வெளியே போய்விடும் என்பது மீனவர்களின் வருத்தம். டீசல் விற்கிற விலையில் அது சின்ன வருத்தமில்லை. கருவியையும் கொடுத்து, குறையும் மீனுக்கும் அரசு ஈடு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அப்போ மீன் சாப்பிடுவதை விட்டுவிடணுமா?

நான் விடவில்லை. வேலூர் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில் வருவதெல்லாம் கடற்கரை ஊர்களின் மீன்தான். ஆமைப் பருவமான ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் கடல் இறால் வாங்குவதில்லை. கடைக்கார அண்ணனிடம் காரணத்தையும் சொல்வேன். ஃபைபர் படகில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் வந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

ஆமை முட்டை ஆண்மைக்கு நல்லது, ஆமை ரத்தம் மூலத்துக்கு நல்லது என்கிறார்களே?

இரண்டுக்கும் எந்த ஆதாரமும் இல்லை. அழுங்காமை இறைச்சி சாப்பிட்டு விஷமேறி ஆட்கள் செத்ததுண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இருக்கிறது. முட்டை எடுத்தாலும், விற்றாலும், வாங்கினாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

எங்கள் ஏரியில் இருக்கிற ஆமையும் இதுவும் ஒன்றா?

வேறு. ஏரி, கிணற்றில் இருப்பது பால் ஆமை மாதிரியான நன்னீர் ஆமை. அதற்குக் கால் இருக்கிறது, துடுப்பு கிடையாது. அதுவும் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர்தான். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொல்லி அடித்துப் போடாதீர்கள். மழைக்கு மேடு தேடி வந்திருக்கும். ஒரு வாளியில் எடுத்துப் பக்கத்து ஏரியில் விடுங்கள். வாஸ்துவுக்கு என்று தொட்டியில் வளர்க்காதீர்கள்.

பாலாறு எப்படிக் கடலாமையைத் தொடுகிறது?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அன்றைக்கு வேலூர் – காட்பாடி பாலத்தில் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் நின்றேன். செருப்பு, தெர்மோகோல், பால் கவர், பிரியாணிப் பொட்டலம், மருந்துப் புட்டி என்று பாலத்துக்குக் கீழே பாய் விரித்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "நல்லதும்மா, ஆறு சுத்தமாயிடும்" என்றார்.

அடுத்த தை மாதம் வயலூர் முகத்துவாரத்தில் நடந்தோம். மேட்டு மணலில், ஆமை ஏறுகிற அதே உயரத்தில், அலை ஒதுக்கிய குப்பை ஒரு கோடாகக் கிடந்தது. ஒரு மாணவி குனிந்து ஒரு கவரை எடுத்தாள். வேலூர்க் கடை ஒன்றின் பெயர் பாதி அழிந்தும் படிக்கிற மாதிரி இருந்தது.

அந்தக் குப்பைக் கோட்டைத் தாண்ட முடியாமல் குஞ்சு மாட்டிக்கொள்ளும். கடலுக்குள் போன கவர் சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், மாதிரி மிதக்கும்; ஆமை அதை விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

மணலும் இருக்கிறது. கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பதுதான். பாலாற்று மணலை நாம் லாரி லாரியாக அள்ளி வீடு கட்டிவிட்டோம். ஆறு மணல் கொடுக்காத கரையைக் கடல் அரிக்கும். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டுகிறார்கள், கடலுக்குள் நீட்டிக் கல்லால் தடுப்பு கட்டித் தூண்டில் வளைவு போடுகிறார்கள். ஒரு பக்கம் நின்றால் அடுத்த பக்கம் அரிக்கிறது. கல்லில் ஆமை குழி தோண்ட முடியாது. என் வீட்டுச் சுவரிலும் அந்த மணல்தான் இருக்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றியும் கேட்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது இந்த ஆற்றுக்காகத்தான். ஆமைகள் செத்து ஒதுங்கிய அதே 2025 ஜனவரியின் கடைசியில் பாலாற்றைப் பற்றி இன்னொரு தீர்ப்பும் வந்தது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே 28 வருஷத்துக்கும் மேல். ஒரு குஞ்சு வளர்ந்து, தாயாகி, அதன் குஞ்சும் தாயாகிற காலம்.

நாங்களும் பார்க்கப் போகலாமா?

போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் பெசன்ட் நகர் பக்கம் தன்னார்வலர்களின் ஆமை நடை உண்டு. முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலூரிலிருந்து சாயங்கால ரயிலைப் பிடித்தால் போதும், நடை தொடங்குவதே நள்ளிரவை ஒட்டித்தான். சில கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், அதனால் சின்னக் குழந்தைகள் வேண்டாம். அடர் நிற உடை, பழைய செருப்பு, தண்ணீர். ஃபிளாஷ் கூடாது. ஐந்து முறை போனால் மூன்று முறை ஆமை கண்ணில் படாது. அப்படித் திரும்பினால் ஏப்ரலில் ஒரு சாயங்காலம் பொரிப்பகத்துக்குப் போங்கள், குஞ்சு விடுவதைப் பார்க்கலாம். கையில் ஒரு கோணிப்பையும் எடுத்துப் போங்கள். நாங்கள் போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போவோம், திரும்புவதற்குள் நிரம்பிவிடும்.